டிரைவர் வீட்டுப் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை என்பது அந்தத் தெருவுக்குக் கிடைத்த நல்ல தீனி. காலையில் மஞ்சள் பஸ் முனை திரும்பி வரும்போது மாடி வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இரண்டு முகங்கள் தெரியும். பெரியது பெண், சின்னது பையன். டிரைவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டுவார். இரண்டும் கையை ஆட்டும். பஸ் போய்விடும். எதிரே சலவைக்கடை வைத்திருந்தவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே தினமும் இதைப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

"அண்ணே, ஊர்ல உள்ள புள்ளைங்க அத்தனையையும் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போறீங்க. உங்க புள்ளைங்க மட்டும் மேல நின்னு டாட்டா காட்டுதுங்க. இது என்ன கூத்து?"

"பஸ்ஸுல சீட் இல்லைப்பா" என்று சிரித்து மழுப்பினார் டிரைவர்.

சிரித்தாரே ஒழிய, அந்தக் கேள்வி அன்று முழுக்க அவர் கூடவே பஸ்ஸில் வந்தது. ஏனென்றால் அவர் அந்த வேலைக்கு வந்ததே மகளுக்காகத்தான்.

அதற்கு முன்னால் அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மகள் குப்புற விழுந்ததும், தவழ்ந்ததும், முதல் பல் முளைத்ததும் எல்லாம் அவருக்குப் போனில் வந்த செய்திகள். ஒருமுறை நீண்ட பயணம் முடித்து தாடியும் மீசையுமாக வீட்டுக்குள் நுழைந்தபோது, குழந்தை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டு அழுதது. குளித்து, சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்போதும் கிட்டே வரவில்லை. தூரத்தில் நின்று, வீட்டுக்கு வந்த விருந்தாளியை அளப்பதுபோல் அளந்தது. அன்றைக்கே மனதுக்குள் லாரிச் சாவியைக் கழற்றி வைத்துவிட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்துப் பஸ்ஸுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். லாரிக்காரச் சேக்காளிகள் கேலி செய்தார்கள். மலைப்பாதையில் இரட்டை அச்சு வண்டி ஓட்டின கை, பென்சில் டப்பா தூக்கிக்கொண்டு வரும் பொடிசுகளுக்கு வண்டி ஓட்டப் போகிறதா என்றார்கள். அவர் கணக்கு வேறு. அடுத்த வருடம் மகள் ஒன்றாம் வகுப்பில் சேருவாள். போகும்போதும் வரும்போதும் அவர் பஸ்ஸில்தான் வருவாள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உள்ள ஒற்றை சீட்டில் உட்காருவாள். பள்ளிப்படிப்பு முடிகிற வரைக்கும் தினமும் இரண்டு தடவை. விட்டுப்போன வருடங்களை வட்டியோடு வாங்கிவிடலாம்.

மகளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் எதையும் சும்மா ஒப்புக்கொண்டதில்லை. நிலா நம் கூடவே வருகிறது என்று அம்மா சொன்னால், "அப்போ பக்கத்து வீட்டுக்காரங்க கூட யாரு போவா?" என்பாள். தூங்கு என்றால், "கண்ணை மூடினது நான், தூக்கம் வரலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?" என்பாள். பள்ளிக்கூடத்தில் இவளை எப்படிச் சமாளிக்கப் போகிறார்களோ என்று டிரைவரும் மனைவியும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

காலிப் பஸ்ஸை முதலில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து மகளை ஏற்றிக்கொண்டு, அப்புறம்தான் மற்ற நிறுத்தங்களுக்குப் போவார். முதல் நாள் வீட்டு வாசலிலிருந்து முதல் நிறுத்தம் வரைக்கும் வக்கீல் வாய் ஓயவில்லை. ஸ்டீயரிங் ஏன் இவ்வளவு பெரிசு, கண்ணாடியில் தெரிகிற ரோடு ஏன் பின்னால் ஓடுகிறது, பஸ்ஸுக்கு வலிக்குமா. முதல் நிறுத்தத்தில் மூன்று நான்கு பிள்ளைகள் கூச்சலோடு ஏறினார்கள். கதவு மூடியது. பின்னால் சத்தமே இல்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். மகள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புது இடம், கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

சரியாகவில்லை. சாயங்காலம் கடைசிப் பிள்ளை இறங்கியதும் மடை திறந்த மாதிரி பேச்சு வரும். காலையில் முதல் பிள்ளை ஏறியதும் அடைத்துக்கொள்ளும். இப்படியே மாதங்கள் ஓடின. ஒருநாள் வகுப்பு டீச்சர் பஸ் வரைக்கும் வந்து டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. வகுப்பில் அறுபதுக்குக் குறையாத பிள்ளைகளைக் கட்டி மேய்த்து, தொண்டை கட்டிப்போன குரல்.

"தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தைக்குப் பேச்சு வருமில்லையா?"

டிரைவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "பேச்சா? டீச்சர், ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. உங்க காது வலிக்கும்."

டீச்சர் சிரிக்கவில்லை. "இங்க ஒரு வார்த்தை பேசினதில்லைங்க. ஆஜர்கூடச் சொல்ல மாட்டா. பக்கத்துல உக்காந்திருக்கிற புள்ளைதான் இவளுக்கும் சேத்துச் சொல்லுது."

டாக்டரிடம் காட்டினார்கள். காதும் நன்றாக இருக்கிறது, நாக்கும் நன்றாக இருக்கிறது, சில குழந்தைகள் இப்படித்தான், வீட்டுக்குள் ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி, அதட்டாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். டாக்டர் முன்னாலும் வக்கீல் வாயைத் திறக்கவில்லை. வாசலுக்கு வந்ததும், "அந்த டாக்டர் மாமா மூக்குல முடி இருக்கு" என்றாள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. சாயங்காலம் கடைசி நிறுத்தத்துக்குப் பிறகும் பின்னால் பேச்சு இல்லை. தூங்கிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கியவள் அவரைப் பார்க்காமலே மாடிப்படி ஏறிப் போனாள். பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் ஒவ்வொரு சீட்டாகத் துடைத்துக்கொண்டு வந்தவர், தன் சீட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றை சீட்டில் கையை வைத்ததும் நின்றுவிட்டார். ஈரமாக இருந்தது.

பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மத்தியானத்திலிருந்து நனைந்த பாவாடையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்து, அதே பாவாடையோடு பஸ்ஸில் ஏறி, அப்பா முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வந்திருக்கிறாள். அவரிடம்கூடச் சொல்லவில்லை.

துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதே சீட்டின் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அவர் சொன்னது ஒன்றுதான்.

"நாளையிலேருந்து அவ வரவேண்டாம்."

பின்னாளில் எத்தனையோ சண்டைகளுக்கு நடுவே அவர் மனைவி இதைத்தான் எடுத்து அவர் முன்னால் வைப்பாள். "வேண்டாம்னு முதல்ல சொன்னது யாரு? நானா, நீங்களா?"

மனைவி ஒரு அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களில் எழுத்துப்பிழை தேடித் திருத்தும் வேலை. அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாகத் தாள் வரும். கல்யாண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள், பேருந்து நேர அட்டவணை, எப்போதாவது ஒரு நாவல். அடுக்களையை ஒட்டிப் போட்டிருந்த நீளமான மேசைதான் அவள் ஆபீஸ். மகளை அந்த மேசையின் மறுகோடியில் உட்கார்த்தி வைத்தாள். இரண்டொரு மாதம் பார்க்கலாம், பயம் தெளிந்ததும் திரும்ப அனுப்பிவிடலாம் என்பதுதான் ஏற்பாடு.

வக்கீல் புரூஃப் தாள்களைப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு பிழை கண்டுபிடித்தால் ஒரு பிஸ்கட் என்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். டப்பா காலியானபோதுதான் ஆபத்து புரிந்தது. சம வயதுப் பிள்ளைகள் பந்து, பட்டம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது இவள், 'தலைசுற்றல் நீடித்தால் மருத்துவரை அணுகவும்' என்று கடகடவென்று வாசித்தாள். சாப்பாட்டில் உப்பு கூடிப்போன அன்று, "அம்மா, இதுக்குப் பக்கவிளைவு இருக்கா?" என்று கேட்டாள். கண்ணீர் அஞ்சலிகளில் வருகிற வயதுகளைக் கழித்துப் பார்த்துக் கழித்தல் படித்தாள். பேருந்து அட்டவணையில் நேரம் படித்தாள். தம்பி அப்போது நடக்க ஆரம்பித்திருந்தான். அக்கா எங்கே போனாலும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவான். அதனால் அவன் பெயர் 'கோந்து'. மேசைக்கு அடியில் உட்கார்ந்து, மேலே நடக்கிற பாடத்தைக் காதால் கேட்டே பாதி படித்துவிட்டான்.

காலை நடை முடித்து பஸ்ஸைப் பள்ளிக்கூடத்தில் விட்டால், மறுபடி சாயங்காலம்தான் டிரைவருக்கு வேலை. நடுவில் வீட்டுக்கு வந்துவிடுவார். முதலில் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவரைப் பிள்ளைகள் விடவில்லை. பள்ளிக்கூடம் என்றால் மணி அடிக்க ஆள் வேண்டாமா? அவரைப் பியூனாக நியமித்தார்கள். கரண்டியால் தட்டைத் தட்டி மணி அடித்தார். அப்புறம் பதவி உயர்வு கிடைத்தது. சாக்பீஸால் தரையில் ரோடு போட்டு, லாரியில் தான் போன ஊர்களையெல்லாம் குறித்து, ஆற்றுப் பாலம் எங்கே, சுங்கச்சாவடி எங்கே, தூக்கம் சொக்குகிற நேரான ரோடு எங்கே என்று சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் தீப்பெட்டியை லாரியாக்கி அந்த ரோட்டில் ஓட்டுவார்கள். மனைவி, சிவப்புப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "இன்ஸ்பெக்சன்!" என்று அதட்டியபடி வந்து பாலத்தை மிதித்துவிட்டுப் போவாள்.

அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல மத்தியானங்கள் அவைதான். ஜன்னல் வழியாக வெயில் மேசையில் பாதிக்கு வந்து நிற்கும். அச்சு மை வாசனை, அடுப்பில் ஏதோ கொதிக்கிற வாசனை, கோந்துவின் தலையிலிருந்து எண்ணெய் வாசனை. லாரியில் தொலைத்ததெல்லாம் அந்தத் தரையில் அவருக்குத் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அப்போது அது அவருக்குத் தெரியவில்லை. ஒற்றை சீட் காலியாக வருகிறதே என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தார். அதில் வேறு பிள்ளைகள் உட்கார வந்தால், காரணம் சொல்லாமல் பின்னால் அனுப்பிவிடுவார்.

இரண்டொரு மாதம் என்றது வருடங்களாக நீண்டது. கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா விசாரிக்க வந்தார். செருப்புச் சத்தம் படியில் கேட்டதுமே வக்கீல் மேசைக்கு அடியில் போய்விட்டாள். கெஞ்சியும் வரவில்லை. அதிகாரி அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"சரி, நீ அங்கேயே இரு. நான் கேக்குறேன், முடிஞ்சா சொல்லு. பூமி சூரியனைச் சுத்துதா, சூரியன் பூமியைச் சுத்துதா?"

கோந்துதான் முந்திக்கொண்டு, "பூமிதான் சுத்துது!" என்றான்.

மேசைக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஆனா நமக்குப் பாக்க அப்படித் தெரியாது. யாரு சுத்துறாங்கன்னு உள்ள இருந்து பாத்தா எப்படித் தெரியும்?"

அதிகாரி அம்மா டிரைவரின் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அரைமணி நேரம் தரையிலேயே உட்கார்ந்து கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் மேசைக்கு அடியிலிருந்தே வந்தது. போகும்போது, "புள்ளை நல்லா இருக்கா. வருஷா வருஷம் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். முதல் தடவையாக ஒரு அந்நியரிடம் வக்கீல் பேசினாள். அன்று சாயங்காலம் பஸ் ஓட்டும்போது டிரைவர் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்ததை, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ் ஆயா கவனித்துக் கேலி செய்தாள்.

பிறகு எங்கே சிக்கல் வந்தது என்றால், கோந்துவிடம்.

அவனுக்குப் பள்ளிக்கூட வயது வந்தது. அவனும் வீட்டிலேயே படிப்பான் என்று மனைவி கேட்காமலே முடிவு செய்திருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு நியாயமா என்று கேட்டாள். டிரைவர் முதலில் முணுமுணுத்தார். பிறகு வாக்குவாதமாயிற்று.

"அவனுக்கு என்ன குறை? வாய்தான் இருக்கே காது வரைக்கும். அனுப்பிப் பாப்போமே" என்பார் அவர்.

"அக்காவை விட்டுட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டான். அறுபது பேருக்கு நடுவுல கொண்டுபோய் விட்டா என்ன ஆவான்? மறுபடியும் சீட்டைத் துடைக்கணுமா உங்களுக்கு?"

அந்தப் பேச்சு வந்தால் அவர் எழுந்து போய்விடுவார். ஆனால் அவர் கண்ணில் பட்டதை அவளால் பார்க்க முடியவில்லை. ஜன்னலில் நிற்கிற இரண்டு முகங்களில் ஒன்று அப்பாவைப் பார்த்துக் கையாட்டியது. இன்னொன்று பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டியது. கடைசி வரிசையில் உட்காரும் குண்டுப் பையனின் பெயர், முன்பல் விழுந்த பெண்ணின் பெயர், இன்றைக்கு யார் வரவில்லை, எல்லாம் கோந்துவுக்கு அத்துப்படி. சாப்பிடும்போது அப்பாவைத் துளைத்தெடுப்பான். அந்தக் குண்டுப் பையன் யார் பக்கத்தில் உட்கார்ந்தான்? இன்றைக்கு யாருக்கு அடி விழுந்தது?

ஒருநாள் காலை. பஸ் பள்ளிக்கூட வாசலில் நின்றது. பிள்ளைகள் இறங்கித் திமுதிமுவென்று ஓடினார்கள். பஸ் ஆயா ஓரக்கண்ணால் டிரைவரைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, புதுசா ஒரு உருப்படி சேத்திருக்கீங்க, சொல்லவே இல்லையே?" என்றாள்.

"யாரு?"

"உங்க பையன்தான். உங்க தெருமுனையில பெரிய புள்ளைங்களுக்கு நடுவுல புகுந்து ஏறினான். நீங்க சொல்லித்தான் வந்தான்னு நெனச்சேன்."

டிரைவர் குதித்து இறங்கினார். பள்ளிக்கூடத்து ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டால், மறுமுனையில் மனைவி அழுதுகொண்டிருந்தாள். தெரு முழுக்கத் தேடியாகிவிட்டது, சலவைக்கடைக்காரர் சைக்கிளில் கிளம்பிப் போயிருக்கிறார். "இங்கதான் இருக்கான், பயப்படாத" என்று சொல்லிவிட்டு ஒன்றாம் வகுப்புக் கட்டடத்துக்கு ஓடினார். மகளுக்குப் பாடம் எடுத்த அதே டீச்சர். ஜன்னல் பக்கமாகப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

அக்காவின் பழைய சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கை முட்டிக்குக் கீழே தொங்க, இரண்டாவது வரிசையில் பெஞ்சில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தான் கோந்து. வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தான். வாய்ப்பாடு அவனுக்கு எப்போதோ தெரியும். ஆனால் இத்தனை பேரோடு சேர்ந்து கத்துவது அவனுக்குப் புதிது. அந்தப் பெரிய சத்தத்தில் தன் குரலும் இருக்கிறது என்ற சந்தோஷம் முகம் முழுக்க வழிந்தது.

டீச்சர் டிரைவரைப் பார்த்துவிட்டார். உதட்டில் விரலை வைத்து, இருங்கள் என்று ஜாடை காட்டினார். முதல் பீரியட் முடிந்து மணி அடித்த பிறகுதான் பையனை வெளியே அனுப்பினார். வந்தவன் அழவில்லை, பயப்படவும் இல்லை. "அப்பா, அந்தக் குண்டுப் பையன் எனக்குப் பாதி ரப்பர் குடுத்தான்" என்றான்.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி பையனை அணைத்துக்கொண்டாள், முதுகில் ஒன்று வைத்தாள், மறுபடி அணைத்துக்கொண்டாள். "நான் என்னடா குறை வச்சேன்?" என்று அவனிடம் கேட்டாள். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "ஒரு குறையும் இல்லைம்மா. இங்க கொஞ்சம் பேருதான் இருக்கோம்" என்றான்.

டிரைவர் சமயம் பார்த்து, இதுதான் வாய்ப்பு என்று ஆரம்பித்தார். ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்பிவிடலாம், அவளும் இப்போது வளர்ந்துவிட்டாள், தம்பி துணைக்கு இருப்பான். மனைவி, ரெண்டு பேரும் இங்கேதான் இருப்பார்கள் என்றாள். பேச்சு தடித்தது. வக்கீல் அதுவரை மேசையோரம் உட்கார்ந்து ஏதோ புரூஃப் தாளின் பின்பக்கம் படம் போட்டுக்கொண்டிருந்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்பா, எனக்கும் தம்பிக்கும் ஒரே சைஸ் செருப்பா வாங்குறீங்க?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவனுக்குப் போகணும். எனக்குப் போக வேண்டாம், இப்போ. இதுல என்ன சண்டை? நீங்க ரெண்டு பேரும் எங்களைக் கேக்கவே மாட்டேங்கிறீங்க. உங்களுக்கு பஸ்ஸுல ஆள் வேணும். அம்மாவுக்கு மேசையில ஆள் வேணும்."

சொல்லிவிட்டு மறுபடி படத்தில் குனிந்துகொண்டாள். பத்து வயதுப் பிள்ளை. டிரைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த இருவருக்கும், ஒரே சமயத்தில் கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். முதலில் சிரித்தது மனைவிதான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த வாரம் கோந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். முதல் நாள் தெருமுனை வரைக்கும் அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ் கதவு திறந்ததும், அந்தக் கையை உதறிவிட்டு ஏறி ஓடினவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் அவனுக்காக ஒற்றை சீட்டைத் துடைத்து வைத்திருந்தார். அவன் அதைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்க் குண்டுப் பையன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். டிரைவர் கிளட்சை விட்டார். கண்ணாடியில், ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிய்த்து எடுத்தது போல, கையைப் பாதி நீட்டியபடியே தெருமுனையில் நின்றாள் மகள். அன்று முதல் தடவையாக, வீட்டில் இருக்கிற பிள்ளையை நினைத்துக்கொண்டே பஸ் ஓட்டினார்.

கோந்து இல்லாத மேசையில் சத்தம் குறைந்தது. வக்கீல் ஓரிரு வாரம் சுருண்டு கிடந்தாள். பிறகு சாயங்காலங்களில் அவன் வகுப்புக் கதைகளைக் கொண்டுவந்து கொட்ட, அவள் அவற்றை விசாரணை செய்தாள். மத்தியானங்களில் அவளும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நாவலின் புரூஃபை ஆளுக்குப் பாதியாகப் பார்த்தார்கள். கதையின் முடிவு அம்மா பக்கம் போய்விட்டால் மகள் சண்டை போடுவாள். டிரைவர் கரண்டியைத் தட்ட எழுந்தால், "அப்பா, ப்ளீஸ், மானத்தை வாங்காதீங்க" என்பாள். பியூன் வேலை போனது அப்போதுதான்.

தேர்வுகளைத் தனியாக எழுதினாள், தேறினாள். அதிகாரி அம்மா வருடா வருடம் வந்தார். மேசைக்கு அடியிலிருந்து வந்த பதில்கள் ஒரு வருடம் மேசைக்குப் பின்னாலிருந்து வந்தன, இன்னொரு வருடம் எதிரே உட்கார்ந்து வந்தன. மேல்வகுப்புக்கு நேரம் வந்தபோது, யாரும் கேட்காமலே ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டபடி சொன்னாள்.

"நான் அடுத்த வருஷம் ஸ்கூலுக்குப் போறேன்."

"ஏம்மா?" என்று பதறினாள் அம்மா.

"சும்மா. சத்தம் எப்படி இருக்குன்னு பாக்கணும். பிடிக்கலைன்னா வந்துடுவேன்."

அந்த முதல் நாளை டிரைவர் எத்தனை தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பார்! பஸ்ஸை முந்தின நாளே கழுவினார். தலைமுடிக்கு மை பூசிக்கொண்டார். தெருமுனையில் பெரிய பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள் மகள். கதவு திறந்தது. ஏறினாள். அவரைப் பார்த்தாள். கூட நின்ற பெண்களையும் பார்த்தாள். ஒரு கணம் தயங்கிவிட்டு, மற்ற பிள்ளைகளைப் போலவே கணீரென்று, "குட் மார்னிங், டிரைவர் மாமா" என்று சொல்லிவிட்டு நேரே உள்ளே போய்விட்டாள்.

பஸ் ஆயா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். டிரைவருக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் முதல் சிக்னலில் நின்றபோதுதான் உறைத்தது. அவள் பேசியிருக்கிறாள். அத்தனை பேர் முன்னால், நிறைந்த பஸ்ஸில், சத்தமாக. பச்சை விளக்கு விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. மத்தியானம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பெத்த அப்பனை மாமாங்கிறாடி!" இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் வீடு அப்படியொரு அமைதியாகிவிட்டது. நீளமான மேசை. ஒரு சிவப்புப் பேனா. மனைவி தாள்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். அவர் போய் மகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு தாள் குடு, நான் பாக்குறேன்" என்றார். அவர் கண்டுபிடித்த பிழைகளில் பாதி, பிழையே இல்லை. மனைவி ஒன்றும் சொல்லாமல் அவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து காலம் ஓடிவிட்டது. மகள் இப்போது வேறொரு ஊரில் செடி வளர்க்கும் பண்ணை ஒன்றை நடத்துகிறாள். நாள் முழுக்கச் செடிகளோடு இருப்பாள், வேலையாட்களோடு தேவைக்குப் பேசுவாள், அம்மாவோடு போனில் மணிக்கணக்காக வாதாடுவாள். பள்ளிக்கூடம் அவளுக்குப் பிடித்ததா இல்லையா என்று கேட்டால் இன்றைக்கும் நேரான பதில் வராது. திருட்டுத்தனமாக ஏறிப் பள்ளிக்கூடம் போன கோந்து அங்கே பெரிதாகப் படித்துவிடவில்லை. ஒரு வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தான். ஆனால் அந்தக் குண்டுப் பையனும் அவனும் சேர்ந்து லிஃப்ட் பழுது பார்க்கும் தொழில் செய்கிறார்கள், அவன் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி பழைய பஸ் கூட்டம்தான்.

போன மாதம் கோந்து போன் செய்தான். அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அவனுக்கு என்னவோ தயக்கமாக இருக்கிறது. வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்கிறாள் அவன் மனைவி. என்ன செய்யலாம் என்று அம்மாவைக் கேட்டான். டிரைவர் போனுக்குப் பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு நின்றார். மனைவி பெரிதாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தார்.

"அவ என்ன சொல்றா?" என்று கேட்டாள் மனைவி.

"அம்மா, அவளுக்கு நாலு வயசும்மா."

"ஏன், நாலு வயசுல வாய் பேசாதா? இரு, நாங்களே வர்றோம். வந்து கேட்டுக்குறோம்."

போனை வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். டிரைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "அவளுக்கு பஸ் பிடிக்கும், நான் பாத்திருக்கேன்" என்றார். மனைவி, "அன்னிக்கு ஒரு பத்திரிகையை எடுத்து எழுத்தெழுத்தா விரல் வச்சுப் பாத்தா, கவனிச்சீங்களா?" என்றாள். சொல்லிவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

வெளியூர் பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம், டிரைவர் பக்கத்தில். ஓட்டுகிறவன் சின்னப் பையன், வளைவுகளில் கொஞ்சம் வேகம். ஒவ்வொரு வளைவு வரும்போதும் டிரைவரின் வலது கால் தானாக முன்னால் போய்த் தரையை அழுத்தியது. மனைவி கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தாள்.

"நீங்க ஓட்டலைங்க. சாஞ்சு உக்காருங்க" என்று அவர் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். அவர் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த வளைவு வந்தது. கையையும் மீறி அவர் கால் லேசாகத் தரையை அழுத்தியது. அவள் சிரித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.